ஷீட்ல 19 வரி, வேலைக்கு ஆனது 2

முதல்லயே சொல்லிடறேன், நான் ஜப்பான் போனதில்லை. பாஸ்போர்ட்டே போன மாசம்தான் வந்துச்சு. ஆனா ஒசாகாவுல இருக்கிற யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான்ல, சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டுக்குள்ள எப்படிப் போகணும், எதுல முதல்ல ஏறணும், எதை விட்டுடணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஏன்னா எங்க அண்ணாவுக்காக அந்த ஒரு நாளை நான்தான் பிளான் பண்ணேன், பேரிகையில எங்க வீட்டு மாடிப்படியில உக்காந்து (சிக்னல் அங்கதான் கிடைக்கும்).

அண்ணா வேலை பார்க்கிற கம்பெனி அவரை மூணு மாச டிரெய்னிங்குக்கு ஜப்பான் அனுப்புச்சு. மூணு மாசத்துல அவருக்குன்னு முழுசா கிடைச்சது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. "பாப்பா, மரியோ இடத்துக்குப் போகணும். நீ பிளான் பண்ணிக் குடு"ன்னு மெசேஜ் போட்டார். எனக்கு 21 வயசு, இன்னும் பாப்பாதான்.

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. நான் யூகேஜி படிக்கும்போது ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர்த்திருவிழாவுல அப்பா ஒரு டிவி கேம் வாங்கிக் குடுத்தார். கேசட் மேல 9999 கேம்னு எழுதியிருக்கும், உள்ள இருபது கூட தேறாது. அதுல ஒண்ணு மரியோ. அது நின்டெண்டோ கம்பெனியோடதுன்னோ, 1985-ல வந்ததுன்னோ, நம்ம கையில இருக்கிறது நகல்னோ எங்களுக்கு எதுவும் தெரியாது. உங்கள்ல பாதிப் பேர் வீட்டுலயும் இதே கதைதான் இருக்கும். இந்தியாவுல நின்டெண்டோ நேரடியா கடை போட்டு எதையும் விக்கலை, ஆனா மரியோவைத் தெரியாத பசங்க இங்க கிடையாது. அந்த நகல் கேசட்டுக்குப் பதினஞ்சு வருஷம் கழிச்சு அண்ணா பணம் கட்டப் போறார்னுதான் நான் நினைச்சுக்கிட்டேன். பெரியவங்களுக்கு ஒரு நாள் டிக்கெட் சுமாரா 8,600 யென்ல ஆரம்பிக்குது. கூட்ட நாள்ல இன்னும் ஏறும். நம்ம காசுக்கு சுமாரா ஐயாயிரம் ரூபாய்னு வெச்சுக்கோங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லலை.

இனி பிளானுக்கு வர்றேன். நீங்க யூடியூப்ல தேடினா "ஒரே நாள்ல எல்லா ரைடும்"னு நூறு வீடியோ வரும். அந்த வீடியோக்களை நம்பாதீங்க, இந்தக் கட்டுரையே அதைச் சொல்லத்தான். நான் நம்பினேன். 19 வரியில ஒரு ஷீட் போட்டேன், ஒவ்வொரு வரிக்கும் இருபது இருபத்தஞ்சு நிமிஷம். சாப்பிடறதுக்குப் பதினஞ்சு நிமிஷம். டாய்லெட்டுக்குக் கூட ஒரு வரி இருந்துச்சு. மூணாவது செமஸ்டர்ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச்ல வாங்கின மார்க்கை அன்னிக்கே திருப்பிக் குடுத்திருக்கணும்.

ஏன்னு சொல்றேன். 1961-ல ஜான் லிட்டில் நிரூபிச்ச ஒரு விதி நம்ம சிலபஸ்லயே இருக்கு. வரிசையில நிக்கிறவங்க எண்ணிக்கை = ஒரு மணி நேரத்துக்கு வர்றவங்க x ஒருத்தர் காத்திருக்கிற நேரம். ஒரு பேச்சுக்கு, மணிக்கு 1,000 பேரை ஏத்தி இறக்குற ரைடுன்னு வெச்சுக்கோங்க. முன்னாடி 2,000 பேர் நின்னா ரெண்டு மணி நேரம் நிக்கணும். நீங்க எவ்வளவு வேகமா ஓடி வந்தாலும் அது மாறாது. நம்ம கையில இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், எத்தனை பேருக்கு முன்னாடி வந்து நிக்கிறோம்ங்கிறது. அதனால காலையில முதல் ஒரு மணி நேரத்தோட மதிப்பு, மத்தியானம் மூணு மணி நேரத்துக்குச் சமம். என் ஷீட்ல எல்லா இருபது நிமிஷத்துக்கும் ஒரே விலை போட்டிருந்தேன்.

அங்க இன்னொரு சிக்கல், அந்த ஏரியாவுக்குள்ள போறதுக்கே தனி அனுமதி வேணும். 2021 மார்ச் 18-ல திறந்ததுல இருந்து கூட்டம் குறையலை. 2024 டிசம்பர்ல டாங்கி காங் பகுதி சேர்ந்ததும் இன்னும் ஜாஸ்தி. காலையில சீக்கிரம் போனா நேரா உள்ள விட்டுடுவாங்க. கொஞ்சம் லேட்டானா, பார்க்குக்குள்ள நுழைஞ்ச பிறகு அவங்க ஆப்ல நேரம் குறிச்ச சீட்டு எடுக்கணும். அது இலவசம், ஆனா தீர்ந்துடும். திருப்பதி போனவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சர்வ தரிசன டோக்கன் மாதிரி ஒண்ணு, 300 ரூபாய் டிக்கெட் மாதிரி ஒண்ணு. இந்த ரெண்டாவதுக்கு அங்க எக்ஸ்பிரஸ் பாஸ்னு பேர். பல நாள்ல அதோட விலை நுழைவு டிக்கெட்டையே தாண்டிடும்.

எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா வேண்டாமான்னு என் ரூம்மேட்டோட பெரிய சண்டையே நடந்துச்சு. "காசு குடுத்து முன்னாடி போறது பே டு வின் மாதிரி, அசிங்கம்"னு அவ சொன்னா. எனக்கும் பாதி அப்படித்தான் தோணுது. ஆனா பாதிதான். பக்கத்துலயே இருக்கிற ஒசாகா பையனுக்கு இது அடுத்த மாசமும் வரக்கூடிய இடம். பேரிகையில இருந்து போறவருக்கு அந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான். நேரம் கம்மியா இருக்கிறவன் காசு குடுத்து நேரம் வாங்குறதைத் தப்புன்னு சொல்ல என்னால முடியலை. அண்ணா வாங்கலை, அது வேற விஷயம். வீட்டு லோன் ஓடுது.

அந்த நாள் நடந்ததைக் கேளுங்க. ஜப்பான் நமக்கு மூணரை மணி நேரம் முன்னாடி. அவங்க 7:30-க்கு கேட்டுல நிக்கணும்னா இங்க எனக்கு விடியக்காலை 4 மணி. எழுந்து ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மாடிப்படிக்கு வந்துட்டேன். நவம்பர் குளிர் நம்ம பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். 4 ஆச்சு, 5 ஆச்சு, மெசேஜ் இல்லை. கூடப் போன ரெண்டு பேர்ல ஒருத்தர் தூங்கிட்டார், முதல் ரயில் போயிடுச்சு, அடுத்ததுல போய் நிஷிகுஜோ ஸ்டேஷன்ல இறங்கி மாற மறந்துட்டாங்க. பார்க் வாசலுக்கு வந்தப்போ அங்க 9:15. நேரா உள்ள விடற நேரம் முடிஞ்சாச்சு. சரி ஆப்ல சீட்டு எடுக்கலாம்னா, மூணு டிக்கெட்டும் ஒரே போன்ல சேர்த்திருந்தாதான் மூணு பேருக்கும் ஒரே நேரம் கிடைக்கும். மூணாமவரோட டிக்கெட் அவர் மெயில்ல. அவர் போன்ல நெட் இல்லை. அதுல இருபது நிமிஷம். கடைசியில கிடைச்சது மத்தியானம் 2:10.

என் 19 வரியில 11 வரி அந்த நிமிஷமே செத்துப் போச்சு. நான் போன்ல கத்தினேன், அவரைக் கழட்டி விட்டுட்டு நீங்க மட்டும் போங்கன்னு கூட சொன்னேன். அண்ணா "ஏய், கூட வந்தவனை எப்படி விட்டுட்டுப் போறது"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

2:10-க்கு அந்தப் பச்சைக் குழாய் வழியா உள்ள போனாங்க. அங்க ஒரு நல்ல விஷயம், உள்ள போறதுக்குத்தான் நேரம், இருக்கிறதுக்கு இல்லை. வெளிய வந்துட்டா அதே சீட்டுல மறுபடி போக முடியாது, அவ்வளவுதான். மரியோ கேம்லயே மேல ஒரு டைமர் 400-ல இருந்து ஓடும். நிஜ இடத்துல அது கிடையாது. இது தெரிஞ்சும் நான் ஷீட்ல அந்த ஏரியாவுக்கு ஒண்ணரை மணி நேரம்தான் போட்டிருந்தேன்.

மரியோ கார்ட் ரைடுல ஒரு தடவைதான் ஏறினார். கண்ணாடி மாட்டிக்கிட்டு ஓட்டுனரா உக்காந்து ஷெல் எறியறது. "வேகம் ஒண்ணும் இல்ல பாப்பா, நம்ம பாகலூர் பஸ் இதை விட ஆடும்"னார். அவரை அசைச்சது ரைடு இல்லை. சுவத்துல இருக்கிற கேள்விக்குறி பிளாக்.

இங்க நான் பண்ணின பெரிய தப்பைச் சொல்லணும். கையில கட்டுற பவர் அப் பேண்டுன்னு ஒண்ணு விக்கிறாங்க, நாலாயிரம் யென்னுக்கு மேல. அது இல்லாம பிளாக்கை அடிச்சா காயின் உங்க கணக்குல சேராது. மூணு சாவி ஜெயிச்சு பவுசர் ஜூனியரோட சண்டை போடற விளையாட்டுக்கும் பேண்ட் வேணும். டிக்கெட்டுக்கு மேல இன்னொரு காசு, இது அப்பட்டமான இன் ஆப் பர்ச்சேஸ்னு எனக்குக் கோவம். ஷீட்ல ஏழாவது வரியில பெரிய எழுத்துல "பேண்ட்: வேண்டாம், வேஸ்ட்"னு போட்டிருந்தேன். இன்னிக்கும் அதை இன் ஆப் பர்ச்சேஸ்னுதான் சொல்லுவேன். ஆனா அண்ணா ஒரு மணி நேரம் அங்க நின்னு, சின்னப் பசங்க அடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். நாலு மணிக்கு மேல போய் சிவப்பு பேண்ட் ஒண்ணு வாங்கிட்டார். அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. கூட்டச் சத்தம், நடுவுல அந்த காயின் சத்தம், "பாப்பா, கேட்குதா? அப்படியே நம்ம டிவில வந்த சத்தம்"னு அவர் குரல். 27 வயசு ஆளு. இருட்டுற வரைக்கும் அங்கயே அடிச்சுக்கிட்டு இருந்திருக்கார். டாங்கி காங் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.

ஷீட்ல இருந்ததுல நடந்தது ரெண்டே வரி, மரியோ கார்ட், சாப்பாடு.

அதனால நீங்க யாராவது இந்த மாதிரி இடத்துக்குப் போறதா இருந்தா, ஒசாகாவோ, 2023-ல திறந்த ஹாலிவுட்டோ, 2025 மே-ல ஆர்லண்டோவுல வந்த எபிக் யுனிவர்ஸோ, என்கிட்ட கேட்டா இதுதான் சொல்லுவேன். எது கிடைக்கலைன்னா மனசு ஆறாதுன்னு போறவர்கிட்ட முதல்ல கேளுங்க. நான் அண்ணாகிட்ட அதைக் கேட்கவே இல்லை, ரைடு லிஸ்ட்டைத்தான் கேட்டேன். அந்த ஒண்ணை காலையில வெச்சுடுங்க. எல்லார் டிக்கெட்டையும் முந்தின ராத்திரியே ஒரே போன்ல ஏத்திடுங்க, ஒரு சார்ஜர் பேங்க் எடுத்துக்கோங்க. தனியா ஏறுறவங்களுக்குத் தனி வரிசை இருக்கிற நாள்ல, சேர்ந்துதான் உக்காருவோம்னு அடம் பிடிக்காம பிரிஞ்சு ஏறுங்க. மத்த நேரத்தை காலியா விடுங்க. காலியா இருக்கேன்னு நடுவுல எதையும் சொருகாதீங்க. நான் சொருகிடுவேன், அது என் வியாதி.

இப்போ நம்ம ஃபைனல் இயர் டூருக்கு பிடதி வொண்டர்லா போகலாம்னு பேச்சு ஓடுது, பிளான் பண்ற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. அங்க மரியோ கிடையாது, ஆனா வரிசை இருக்கு, லிட்டில் விதி அங்கயும் ஓடும். க்ரூப்ல ஒருத்தர் "எல்லா ரைடும் கவர் பண்ணணும்"னு போட்டிருக்கார். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வரப் போற ரெண்டு பேர் நம்ம கிளாஸ்ல இருக்காங்க, பஸ் அவங்களுக்காக ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல 7:30 வரைக்கும் நிக்கும். அதை முதல் வரியா போட்டுட்டேன். ரெண்டாவது வரிக்கு என்ன வேணும்னு ஆளுக்கு ஒண்ணு மட்டும் எனக்கு மெசேஜ் பண்ணுங்க.