வியாபாரி வேனும் இலவசம்தான்

தமிழ்நாட்டில் புதிய அரசு 2021 மே 7 அன்று பதவியேற்றது. அன்றே போட்ட கையெழுத்துகளில் ஒன்று, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது. மறுநாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் இரண்டு நாள் கழித்து ஊரடங்கு போட்டார்கள், பஸ்ஸே நின்றுபோனது. ஆகவே அந்தக் கையெழுத்து என்ன செய்கிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்க்க ஜூலை ஆகிவிட்டது. நாங்கள் என்றால் கண்டக்டர்கள். ஓய்வுபெற எனக்கு அப்போது இரண்டு வருடம் பாக்கி.

எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கவில்லை. வசூலைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பேட்டா. பெண்கள் கூட்டம் கூடக் கூட, நிற்க இடமில்லை, பையில் காசும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? "ஓசி டிக்கெட்டெல்லாம் பின்னால போங்க" என்று என் வாயும் சொல்லியிருக்கிறது. டெப்போவில் டீ குடிக்கும்போது, "சும்மா கொடுத்துச் சும்மா கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்குறாங்க" என்று தலையாட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

மதுரைப் பக்கம், பூ மார்க்கெட் உள்ள ஊருக்குப் போகும் ரூட் என்னுடையது. பெயரைச் சொன்னால் டெப்போவைச் சொன்னதாகிவிடும், வேண்டாம். ஒருநாள் காலை ஆறே கால் டிரிப்பில், மல்லிகைப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாவிடம் வழக்கம்போல் "ஓசி" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஏண்ணே, உங்க வீட்டுக்காரம்மா பாஸுல போறாங்களே, அது என்ன சி?" என்றார். பஸ் மொத்தமும் சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சம்சாரமும் ஊழியர் குடும்பத்துக்கான இலவச பாஸில்தான் போகிறார்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவிடம் பேச ஆரம்பித்தேன். குத்தகைக்குப் பிடித்த பத்து சென்ட்டில் மல்லிகை. விடிவதற்குமுன் பறித்து, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டில் சேர்த்தால்தான் விலை. முன்பெல்லாம் கமிஷன் கடைக்காரரின் வேன் ஊருக்குள் வந்து பூவை எடுத்துக்கொள்ளுமாம். ஆளும் ஏறிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆனால் அந்த வேனில் ஏறிய பூ அந்தக் கடையில்தான் இறங்கும். எடை அவர் தராசு, விலை அவர் வாய். வேறு கடையில் இன்றைக்கு என்ன போகிறது என்று கேட்டால் மறுநாள் வேன் அந்த வாசலில் நிற்காது. பஸ்ஸுக்குப் போக வர இருபது ரூபாய். விலை விழுந்த நாளில் அந்த இருபதை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். அந்தப் பேச்சுக்கு வேனே மேல் என்று இருந்திருக்கிறார்.

இப்போது பஸ்ஸில் வந்து இறங்கி நாலு கடையில் விலை கேட்டுவிட்டுப் பூவைக் கொட்டுகிறார். சோம்பேறியாகிவிட்டார் என்று நான் டீக்கடையில் பேசியது இவரைப் பற்றித்தான்.

சுயசார்பு என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறோம். அடுத்தவன் முகத்தைப் பார்த்து நிற்காமல் இருப்பதுதானே அது? அப்படியானால் யார் முகம் என்று கேட்க வேண்டும். வேன்காரரும் சும்மாதான் ஏற்றிக்கொண்டார், அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏற என் முகத்தை அந்த அம்மா பார்க்க வேண்டியதில்லை. நான்தான் பார்க்கவைக்க முயன்றேன், "பின்னால போங்க" என்று. மாநிலத் திட்டக்குழு எடுத்த கணக்கில், இந்தப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சியது. நாலு கடையில் விலை கேட்க முடிந்ததால் வந்த ரூபாய் அந்தக் கணக்கில் வராது.

எல்லோருக்கும் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். செடி வைக்கும்போதே கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர்களும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். இறங்கி நேராக அதே கடைக்குத்தான் போகிறார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கப் பஸ் போதாது.

அரசு கொடுத்ததையெல்லாம் நான் மெச்சவும் இல்லை. 2006 தேர்தலில் சொன்ன கலர் டிவி என் தம்பி வீட்டுக்கு வந்தது. அதனால் யாருக்கு என்ன கூடியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 2011இல் வந்த மிக்ஸி, கிரைண்டரையும் சேர்த்துத் திட்டப்போனேன். "ஒரு நாள் ஆட்டுக்கல்லுல உக்காந்து மாவாட்டிட்டுப் பேசு" என்றாள் என் மனைவி. அதை விட்டுவிடுகிறேன். படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உதவி, 2022இல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று மாறியது. இரண்டும் உதவிதான். ஆனால் என் பேத்திக்கு எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

நானே அப்படி வளர்ந்தவன். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவில், எங்கள் காலத்தில் அமெரிக்காவின் கேர் அமைப்பு அனுப்பிய கோதுமை ரவை வரும். அந்த உப்புமாவுக்காகத்தான் பள்ளிக்கூடம் போனேன். போனதால் பத்தாவது முடித்தேன், முடித்ததால் கண்டக்டர் லைசென்ஸ். முப்பது வருடம் என் உழைப்பில் சாப்பிட்டேன் என்று மார்தட்டும்போது அந்த உப்புமா மறந்துபோகிறது.

உண்மையில் கெடுப்பது எது என்று கேட்டால், டிரிப் ரத்தாவதைச் சொல்வேன். டிரைவர் வரவில்லை, டயர் இல்லை, ஏதோ ஒன்று. ஆறே கால் வண்டி இல்லை என்றால் பூ வாடும். இன்னும் ஒன்று: நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் ஐம்பதடி தள்ளிப்போய் நிறுத்தும் டிரைவர்கள் உண்டு. பொட்டலத்தோடு ஓடிவர வேண்டும். அரைகுறையாக வரும் உதவியை நம்பி யாரும் பழைய வேனைக் கைவிடமாட்டார்கள்.

ஓய்வுபெற்றபின் எனக்கும் பாஸ்தான். போன மாதம் ஒரு காலை, அந்த அம்மாவின் ஊர் நிறுத்தத்தில் நானும் அவரும் நின்றிருந்தோம். ஆறே கால் தாண்டியது, ஆறரை தாண்டியது. வேன் வந்து நின்றது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறிக்கம்மா, பஸ் இன்னிக்கு வராது" என்றார் ஓட்டுபவர். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், வருமா என்று எனக்குத் தெரியும் என்பதுபோல். நான் சாலை வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.