நல்லவரின் கையொப்பம்

எங்கள் பெரியப்பா மகன் ஒருவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு 2013-இல் நாடு திரும்பினார். பட்டத்தோடு அவர் கொண்டுவந்தது ஒரு சிவப்புச் சட்டையும் இன்றுவரை தீராத ஒரு வழக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும், முறுக்குத் தட்டு காலியாகும் நேரத்தில், அந்த வழக்கு எழும். பயிற்றுநர் ஜிம் டிரெசெல் குற்றவாளியா, இல்லையா? சிறுவயதில் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த நான், இப்போது எதிர்த்தரப்பில் அமர்ந்திருக்கிறேன்.

நம்மில் பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். அங்கே காற்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவது. பல்கலைக்கழக அணியின் ஆட்டத்தைக் காண ஒரு லட்சம் பேர் கொலம்பஸ் நகரத் திடலில் கூடுவார்கள். (நம் பேரவையின் காற்பந்து இறுதியாட்டத்திற்கு நாற்பது பேர் வந்தாலே நாம் பெருமைப்படுகிறோம்!) 2001-இல் பொறுப்பேற்ற டிரெசெல், 2002 பருவத்திலேயே தேசிய வெற்றியாளர் பட்டத்தை வாங்கித் தந்தார். பரம எதிரியான மிச்சிகனைப் பத்து ஆட்டங்களில் ஒன்பதில் வீழ்த்தினார். இறைநம்பிக்கையும் ஒழுக்கமும் பேசுபவர். அந்த ஊருக்கு அவர் பயிற்றுநர் மட்டுமல்லர், பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டப்படும் முன்மாதிரி.

2010 ஏப்ரலில் ஒரு வழக்கறிஞர் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். விளையாட்டாளர்கள் சிலர் தங்கள் வெற்றி மோதிரங்களையும், மிச்சிகனை வென்றால் கிடைக்கும் காற்சட்டை வடிவத் தங்கச் சின்னங்களையும் பச்சை குத்தும் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, பணமும் பச்சையும் பெற்றிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் போதைப்பொருள் விசாரணையில் சிக்கியிருக்கிறார் என்பதே செய்தி. மாணவ விளையாட்டாளர் தன் புகழை வைத்து ஒரு காசும் ஈட்டக்கூடாது என்பது என்.சி.ஏ.ஏ. எனும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் அன்றைய விதி. டிரெசெல் பல்கலைக்கழகத்திடம் வாய் திறக்கவில்லை. அதோடு விட்டாரா? தமக்குத் தெரிந்த விதிமீறல்கள் அனைத்தையும் தெரிவித்துவிட்டதாக உறுதிகூறும் ஆண்டுப் படிவத்தில் செப்டம்பரில் கையொப்பமும் இட்டார்.

டிசம்பரில் விஷயம் வேறு வழியில் வெளிவந்தபோதும் முழு உண்மையை அவர் சொல்லவில்லை. 2011 ஜனவரியில் பழைய மின்னஞ்சல்கள் சிக்கின. மார்ச்சில் இரண்டரை லட்சம் டாலர் அபராதம். மே 30-இல் பதவி விலகினார். 2010 பருவத்தின் வெற்றிகள் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டன.

அண்ணனின் வாதம் இது: “மோதிரம் அந்தப் பையன்களோட சொந்தப் பொருள், தம்பி. பயிற்றுநருக்கு வருஷத்துக்கு மூன்றரை மில்லியன் டாலர். பையன் ஆயிரம் ரெண்டாயிரத்துக்குத் தன் பொருளை வித்தா குத்தமா? பிள்ளைங்களக் காப்பாத்தத்தான் அவர் மறைச்சாரு.”

முதல் பாதியை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்த விதி அநியாயமானது. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்றாகிவிட்டது. அன்று குற்றமாக இருந்தது இன்று அங்கே பெரிய வணிகம். “பார்த்தாயா!” என்று அந்த ஆண்டு அண்ணன் துள்ளிக் குதித்தார்.

இரண்டாம் பாதிதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. ரகசியம் காக்கச் சொன்னதால் பேசவில்லை என்றார் டிரெசெல். ஆனால் அந்த மின்னஞ்சலை ஒரு விளையாட்டாளரின் சொந்த ஊர் ஆலோசகருக்கு அவர் அனுப்பியிருக்கிறார். வெளியூர்க்காரருக்குத் தெரியலாம், சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தெரியக்கூடாது என்றால் எந்த ரகசியம் காக்கப்பட்டது? படிவத்தில் இருந்த கேள்வி மோதிரத்தைப் பற்றியதும் அன்று. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாயா என்பதுதான். விதி மாறியதால் அந்தக் கேள்விக்கான பதில் மாறிவிடவில்லை.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஆறாம் ஆண்டுவரை படித்த நண்பன் ஒருவன், தேசியமொழித் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்திற்கு வந்தான். 2018-இல் அவன் மூன்றாம் படிவம்; ஆனால் வயதோ பதினாறு. பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியில் அவனுக்கு இடமில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்ததற்காக ஓர் ஆண்டு அபராதமா என்று எங்களுக்கெல்லாம் கொதிப்பு. எங்கள் பயிற்றுநரான ஆசிரியருக்கும்தான். சொந்தப் பணத்தில் எங்களுக்குக் காலணி வாங்கித் தந்தவர் அவர். பெயர்ப் பட்டியலைக் காற்பந்துக் கழகச் செயலாளனான நான் தட்டச்சு செய்தேன். நண்பனின் அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 02 என்பதற்குப் பதில் 03 என்று போடச் சொன்னார். போட்டேன். அவர் கையொப்பமிட்டார்.

அரையிறுதியில் எதிரணி ஆசிரியர் அடையாள அட்டைகளைக் கேட்டார். அணி நீக்கப்பட்டது, மறு ஆண்டும் கலந்துகொள்ளத் தடை. அந்த மறு ஆண்டு அணியில் விளையாடவிருந்த இரண்டாம் படிவப் பையன்களுக்கு இதில் என்ன பங்கு? ஒஹாயோவிலும் இதே கதைதான். 2012-இல் புதிய பயிற்றுநரின் கீழ் பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்ற அணிக்கு, பருவ இறுதிக் கிண்ண ஆட்டத்தில் இறங்க அனுமதியில்லை. அவர்களில் பலர் ஒரு மோதிரத்தையும் விற்காதவர்கள்.

அதே 2012 நவம்பரில், மிச்சிகன் ஆட்டத்தின் இடையே, 2002 அணியினர் டிரெசெலைத் தோளில் தூக்கினார்கள். திடல் அதிர்ந்ததாம், அண்ணனும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார். டிரெசெல் பின்னர் யங்ஸ்டவுன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2025-இல் ஒஹாயோவின் துணை ஆளுநராகவும் ஆனார். இதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கைதட்டியவர்கள், தடைபட்ட அந்த அணியும் அதே திடலில்தான் நின்றது என்பதை நினைத்தார்களா என்று கேட்டேன்.

அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. “அப்போ உங்க ஆசிரியர் கெட்டவரா?” என்று திருப்பிக் கேட்டார்.

இல்லை என்றேன். இந்தத் தீபாவளிக்கும் அவருக்கு வாழ்த்து அனுப்பினேன். அந்த இரண்டாம் படிவப் பையன்களில் ஒருவன் இப்போது நம் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. சிற்றுண்டிச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் “அண்ணே” என்று கையசைக்கிறான். பட்டியலைத் தட்டச்சு செய்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. இந்த இதழ் வந்ததும் முதல் பிரதியை அவனிடம் கொடுப்பதாக இருக்கிறேன்.