ஓரிணைப்பில் உரிய பங்கு

முத்தால் புகழ்பெற்றது நம் தூத்துக்குடிக் கடற்கரை. கொற்கை, காயல், தூத்துக்குடி எனக் காலந்தோறும் துறை மாறியும் தொடர்ந்து வந்த முத்துக்குளிப்பு, 1961ஆம் ஆண்டோடு பெருந்தொழில் என்னும் நிலையை இழந்தது. அத்தொழிலின் ஒரு நடைமுறை இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பை நேரில் கண்ட ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்புகளின்படி, ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள் இருப்பர். அவர்களை ஆழத்திற்கு இறக்கும் கற்களோ ஐந்து. ஐவர் கீழே சிப்பி எடுக்க, ஐவர் மேலே இளைப்பாறுவர். பின்னர் முறை மாறும். கருவி குறைவாக இருந்தும் தொழில் தடைப்படவில்லை. அதற்குக் காரணம், முறை என்ற ஒன்று தோணியில் இருந்ததே.

இன்று நம் இல்லங்களில் இணைய இணைப்பு ஒன்று. அதை நாடும் கணினிகளும் கைப்பேசிகளும் பல. தந்தையின் வணிகக் கணக்கு, மகனின் விளையாட்டு, மகளின் பாடம், வளைகுடா நாட்டில் பணிபுரியும் உறவினரோடு தாயின் உரையாடல் ஆகிய யாவும் அந்த ஒரே வழியில்தான் நடந்தேற வேண்டும். இணைப்பைப் பலர்க்கும் பிரித்துத் தரும் கருவி நம்மிடம் உண்டு. முறையாகப் பங்கிடும் மனம் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இணைப்பு பகிரப்படும் விதம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அந்நாளில் தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பொருத்தி, ஒரு கணினி மட்டுமே இணையத்தை அடைவது வழக்கம். வீட்டில் இரண்டாவது கணினி வந்தபொழுது அதற்கும் தனி இணைப்பு வேண்டுமோ என்னும் கேள்வி எழுந்தது. 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, ஒரு கணினியின் இணைப்பைப் பிற கணினிகளும் பயன்படுத்தும் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஆயினும் அம்முதற்கணினியை அணைத்துவிட்டால் ஏனைய கணினிகளும் இணைப்பை இழந்துவிடும். ரவுட்டர் என்னும் சிறு பெட்டி இக்குறையைப் போக்கிற்று.

ரவுட்டர் செய்யும் பணியை ஒரு பெருங்குடும்பத்தின் தலைவாசலில் அமர்ந்திருக்கும் கணக்கப்பிள்ளையின் பணியோடு ஒப்பிடலாம். ஊரார்க்குத் தெரிந்தது அவ்வீட்டின் தெருவாசல் எண் ஒன்றே. உள்ளே எந்த அறையில் யார் இருக்கிறார் என்பதைக் கணக்கப்பிள்ளை மட்டும் அறிவார். அதுபோலவே, பொதுவாக வீட்டிற்கு வெளியிலிருந்து கிடைக்கும் முகவரி ஒன்றே. உள்ளேயுள்ள ஒவ்வொரு கருவிக்கும் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரி ஒன்றை ரவுட்டர் வழங்குகிறது. ஒரு கருவியின் வேண்டுகோள் வெளியே செல்லும்பொழுது உள்முகவரியை நீக்கி வீட்டின் பொதுமுகவரியை இட்டு, எக்கருவி எதைக் கேட்டது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. விடை வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்புகிறது. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. அவை போதாமற்போகும் என்பதை உணர்ந்த வல்லுநர்கள் 1994ஆம் ஆண்டு இம்முறையை எழுத்து வடிவில் முன்வைத்தனர். பற்றாக்குறையே பகிர்வுக்கு வழிகாட்டியது எனலாம்.

பெட்டி அறியாத நீதி

இக்கணக்கப்பிள்ளைக்கு ஒரு குறை உண்டு. யாருடைய தேவை பெரிது என்பதை அது தானாக அறியாது. நாம் வேறுவிதமாக அமைக்காத வரையில், ஒரே நேரத்தில் பல தொடர்புகளைத் திறந்து இடைவிடாது கேட்கும் கருவிக்கே மிகுதியான பங்கு போய்ச் சேரும். தெருக்குழாயில் மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீட்டிற்கு நீர் பெருகுவதும், குடத்தோடு காத்திருக்கும் அடுத்த வீட்டிற்குச் சொட்டுச் சொட்டாக வருவதும் நாம் கண்ட காட்சிகளே. ஒருவர் பெரிய திரைப்படக் கோப்பொன்றை இறக்கிக்கொண்டிருக்க, அடுத்த அறையில் தேர்வுக்கு விண்ணப்பிப்பவரின் திரை உறைந்து நிற்பதும் அத்தகையதே.

ஆகவே பகிர்தல் வேறு, பங்கிடுதல் வேறு. முன்னதைக் கருவி செய்யும். பின்னதைக் குடும்பத்தார்தாம் செய்தல் வேண்டும்.

கடைசி முறை யாருக்கு?

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறைகள் மூடப்பட்டு இணையவழிப் பாடம் நடைபெற்றபொழுது, ஒவ்வொரு வீட்டின் பங்கீட்டு முறையும் ஆசிரியர்தம் பார்வைக்கு வந்தது. வருகைப் பட்டியலில் விடுபட்ட பெயர்களுள் மாணவியர் பெயர்கள் மிகுந்திருந்ததை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. காரணம் வினவியபொழுது வந்த விடைகள் பெரும்பாலும் ஒரே தன்மையின: அண்ணனுக்கு வகுப்பு இருந்தது, அத்தாவுக்கு வேலை இருந்தது, இரவில்தான் என் முறை வந்தது. அவர்கள் குறையாக எதையும் சொல்லவில்லை. இயல்பான நடைமுறையாகவே சொன்னார்கள். அதுவே கவலைக்குரியது.

இது நம் ஊரின் நிலை மட்டுமன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57.1 பேர், பெண்களோ 33.3 பேர். இவ்வேறுபாட்டிற்கு வறுமை மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. ஒரே வீட்டில், ஒரே கூரையின்கீழ், ஒரே கட்டணத்தில் வரும் இணைப்பிலும் இவ்வேறுபாடு நிகழ்கின்றது.

பெரியோர் அச்சமும் விடையும்

பெண்பிள்ளைகளிடம் இணையத்தை ஒப்படைத்தால் தீங்கு விளையும் எனப் பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஏமாற்றும் மிரட்டலும் இணையத்தில் உண்மையாகவே உள்ளன. ஆயின் அத்தீங்குகள் ஆண்பிள்ளைகளையும் விட்டுவைப்பதில்லை. காப்பு வேண்டுமெனின் இருபாலார்க்கும் வேண்டும். ஒருவருக்குத் தடையும் மற்றவர்க்குத் தாராளமும் காப்பு ஆகா.

கோழிக்கோட்டுப் பகுதிக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி பயன்படுத்தக் கூடாது என்றொரு விதி இருந்தது. அதனை ஏற்க மறுத்து விடுதியிலிருந்து நீக்கப்பட்ட மாணவி ஒருவர் நீதிமன்றத்தை நாடினார். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்ற நீதியரசர் பி.வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு கூறு என்றும், அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனியுரிமையின்பாற்பட்டது என்றும் கூறி, அம்மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்க ஆணையிட்டார். மாலைநேரம் என்பது படிக்கும் நேரம் என்பதை நாமும் மறத்தலாகாது.

தந்தை விட்டுச்சென்ற சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என வரையறுத்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர் நாம். அப்பங்கு அண்ணன் தம்பியரின் தயவால் தரப்படுவதன்று, அவளுக்கு உரியது. கல்வியும் வேலைவாய்ப்பும் இணையத்தின் வழியாக வரும் இக்காலத்தில், இல்லத்து இணைப்பிலும் அவளுக்குப் பங்கு உண்டென்று கொள்ளுதலே முறை.

செய்யத்தக்கன

செலவு ஏதுமின்றிச் செய்யத்தக்கவை பல. பாடவேளை, தேர்வு விண்ணப்பம், நேர்காணல் ஆகியவற்றிற்கு முதலிடம் என்னும் விதியை வீட்டார் அனைவரும் கூடி வகுக்கலாம். படிக்கும் கருவிக்கு முன்னுரிமை தருமாறும், பிற கருவிகளின் வேகத்தை வரம்பிடுமாறும் பல ரவுட்டர்களில் அமைக்க இயலும். பெட்டியை முன்னறையின் மூலையில் ஒளித்துவைக்காமல் வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைத்தல் நலம். தடித்த சுவர்களைக் கடக்கையில் அலை வலுவிழக்கும். மகள் படிக்கும் அறைக்கு அலை எட்டுகிறதா எனத் தந்தையார் தாமே ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும்.

கடவுச்சொல்லைக் காத்தலும் இன்றியமையாதது. 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டுக் கம்பியற்ற இணைப்பின் வழியே அவரறியாமல் அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் அவர் வாசலுக்கே வந்தது. அண்டை வீட்டு மாணவர்க்கு உதவ விழைவோர் கதவை அடியோடு திறந்துவிடாமல், விருந்தினர்க்கெனத் தனி இணைப்பும் தனிக் கடவுச்சொல்லும் அமைத்து, தம் சேவை நிறுவனத்தின் விதிகளையும் அறிந்து செய்வாராக. பொதுவிடத்தில் பலர்க்கும் வழங்க விரும்பும் அமைப்புகளுக்கு, 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நடுவணரசு ஒப்புதல் அளித்த பி.எம்.வாணி திட்டம் முறையான வழியாகும். அதன்படி சிறு கடையும் உரிமக் கட்டணமின்றி வைஃபை வழங்கலாம். நம் தெருக்களின் படிப்பகங்கள் இதனை ஆராயலாம்.

கருவிகள் இனியும் மாறும், வேகமும் பெருகும். வேகம் பெருகினால் மட்டும் நீதி வந்துவிடாது. முறை வகுத்தால் குறைந்த வேகத்திலும் நான்கு பேர் படிக்கலாம். முறையின்றேல் மிகுந்த வேகத்திலும் ஒருத்தி காத்தே இருப்பாள். ஆகவே இம்மலரைப் படிக்கும் பெற்றோரும் பெரியோரும் இன்றிரவே தம் வீட்டில் ஒரு கேள்வியைக் கேட்பார்களாக: இந்த இணைப்பில் கடைசி முறை யாருடையது? விடையாக வரும் பெயர் நாள்தோறும் ஒன்றாகவே இருப்பின், நாளை முதல் அப்பெயரை முதலில் வைப்போமாக.