பல்லவியும் சரணமும்

நாற்பதாண்டுகளுக்கு முன் வெளிவந்த ஓர் இசைத்தட்டைப் பற்றி இன்று எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். அத்தட்டு அடைந்த கதியை உதாரணமாகக் காட்டி, மக்களிடையே செல்வாக்குப் பெறும் கலைவடிவம் எதுவும் ஈற்றில் ஆளும் வர்க்கத்துக்கே ஊழியஞ் செய்யும் என்று நம்மவருள் ஒரு சாரார் கூறி வருகின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

நியூ ஜேர்சி மாநிலத்துத் தொழிலாளர் குடும்பமொன்றிலே பிறந்த புரூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன், தாமே பாட்டெழுதி, இசையமைத்து, பாடுபவர். 1984 ஜூன் மாதம் வெளிவந்த அவரது ‘போர்ன் இன் த யூ.எஸ்.ஏ.’ என்னும் ரொக் இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. அதன் தலைப்புப் பாட்டின் பொருள் யாது? வாழ வழியற்ற சிற்றூரிலே பிறந்தான் ஒருவன். சிறு குற்றமொன்றிற் சிக்கிய அவன் கையிலே துவக்கைக் கொடுத்து வியட்நாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை இல்லை. போர்வீரர் நலன் பேணும் அலுவலகம் கையை விரிக்கின்றது. சகோதரன் கே சானிலே மடிந்துவிட்டான். அந்தக் கே சான் தளத்தையோ, 1968 ஜூலையில் அமெரிக்கப் படையே கைவிட்டு வெளியேறியது! பத்தாண்டு கழிந்தும், சிறைச்சாலையின் நிழலிலே, போக்கிடமின்றி நிற்கிறான் அவன்.

இத்தகைய பாட்டைத்தான் நாட்டுப் பெருமை பேசும் கீதமென்று கொண்டார்கள். 1984 செப்ரெம்பர் 19ஆம் நாள், நியூ ஜேர்சியின் ஹமன்ரன் என்னும் ஊரிலே தேர்தற் பிரசாரஞ் செய்த ஜனாதிபதி றொனால்ட் றேகன், ஸ்பிறிங்ஸ்ரீனின் பாடல்களிலே நாட்டின் எதிர்காலத்துக்கான நம்பிக்கைச் செய்தி உண்டென்று மேடையிற் புகழ்ந்தார். 1981இல் வேலைநிறுத்தஞ் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பிய அதே றேகன்!

ஜனாதிபதி பல்லவியோடு நின்றுவிட்டார், சரணத்துக்குச் செவிசாய்க்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் அவருக்குச் சில நாள் முன்பே எழுதிய பத்திரிகையாளர் ஜோர்ஜ் வில்லின் விடயம் வேறு. காதிற் பஞ்சை அடைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனதாக அவரே எழுதியுள்ளார். பஞ்சையும் மீறி, மூடப்பட்ட ஆலைகளைப் பற்றிய வரிகள் அவர் காதில் விழுந்தே இருந்தன. விழுந்தும் அவர் மெச்சியது எதை? பாடகரிடம் முறைப்பாடு இல்லை என்பதை! வேலை இழந்தும் முணுமுணுக்காத தொழிலாளியே அவருக்கு உகந்தவன். இது கேள்விக்குறையன்று, வர்க்க நலன் செய்த விளக்கவுரை. வாசகனின் விளக்கம் எதுவாயினும் அதுவும் ஒரு பொருளே என்று போதிக்கும் நவீன விமரிசகர்கள், வில்லின் விளக்கத்துக்கும் வேலையற்ற படைவீரனின் விளக்கத்துக்கும் சம ஆசனம் அளிப்பார்களா?

பாட்டின் உருவத்துக்கு இதிற் பங்கில்லை என்று நாம் கூறவில்லை. சரணங்கள் கரகரத்த குரலிலே கதை சொல்ல, பறையொலியும் மின்னிசைக் கருவியின் முழக்கமுமாகப் பல்லவி வெற்றி விழாப் போல எழுகின்றது. ஐம்பதினாயிரம் பேர் கூடிய மைதானத்திலே திரும்பத் திரும்ப வருவதே நெஞ்சில் நிற்கும். ஒளவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல இகழ்ந்தாள் (புறநானூற்றின் 95ஆம் பாட்டு நம் மாணவர் அறிந்ததே). அவள் ஓர் அரசனை நோக்கி, அவன் முகத்தெதிரே பேசினாள். அந்த வசதி வானொலியிலே ஒலிக்கும் பாட்டுக்கு இல்லை. போதாக்குறைக்கு, தட்டின் அட்டையிலே கொடியின் சிவப்பு வெள்ளைக் கோடுகளை விரித்தார்கள். அதிலே விற்பனை நோக்கே இல்லை என்று எவரும் நம்மிடம் சாதிக்க வேண்டாம்.

ஆயினும் அப்பல்லவி வெறும் அங்கதமுமன்று. ‘நானும் இம்மண்ணிலே பிறந்தவன்’ என்பது, ஏமாற்றப்பட்டவன் வாயிலே உரிமைக் குரலாகும். நாட்டின் பெயரை ஆலை முதலாளிக்கு விட்டுக்கொடாத குரல் அது. பாட்டு முதலிலே 1982இல் வீட்டிலிருந்தபடி, தனிக் கித்தாருடன், ‘நெப்ராஸ்கா’ என்னும் தட்டின் பாடல்களோடு சேர்த்துப் பதிவுசெய்யப்பட்டது. அவ்வுருவிலேயே விட்டிருந்தால் றேகன் அதன் பக்கம் திரும்பியிருக்கமாட்டார். உருக்காலை ஊர்களின் இளைஞர் கூட்டமும் அதனைக் கேட்டிராது. நம் தூய்மைவாத நண்பர்கள் இந்த இரண்டாவது இழப்பைக் கணக்கிற் கொள்வதில்லை.

றேகன் பேசிச் சில நாட்களுள் பிற்ஸ்பேர்க் மேடையிலே, ஜனாதிபதிக்குப் பிடித்த தட்டு எதுவோ, நிச்சயம் ‘நெப்ராஸ்கா’வாக இராது என்று கூறி, வேலை பறிபோன கார்த் தொழிலாளி ஒருவனைப் பற்றிய அத்தட்டின் பாட்டையே ஸ்பிறிங்ஸ்ரீன் பாடினார். அவ்வூரின் உருக்குத் தொழிலாளர் சங்கம் நடத்திய உணவு நிலையத்துக்குப் பணமுங் கொடுத்தார். சரணத்தைக் கேட்டோர் யாவர் என்பதை அவர் அறிந்தேயிருந்தார்.

நம் குறை வேறிடத்திலே உள்ளது. அப்பாட்டிலே வியட்நாமியர் எங்கே? கொல்லப்படுவதற்காகக் குறிக்கப்படும் மஞ்சள் நிறத்தவன் ஒருவன்; இறந்த சகோதரனை நேசித்த சைகோன் பெண் ஒருத்தி; முகமற்ற எதிரிப்படை. அவ்வளவே. மடிந்த அமெரிக்கப் படையினர் 58,000க்கு மேல் என்றால், மடிந்த வியட்நாமியர் பல இலட்சம். அவர்களது ஊர், அவர்களது ஆலை, அவர்களது தாயார் எவரும் பாட்டினுள் நுழையவில்லை. ஆசியக் கண்டத்திலிருந்து கேட்கும் நமக்கு, கொடியை விரித்த அட்டையிலும் பார்க்க இதுவே பெரிதாய்ப் படுகின்றது. அமெரிக்க விமரிசகர் நடத்திய விவாதத்திலோ இவ்வினா ஓரத்திலும் இடம்பெற்றதரிது.

பின்னாளிலே, 2021இல், தமது பாடல்களின் உரிமை யாவற்றையும் அவர் சோனி நிறுவனத்துக்குப் பெருந்தொகைக்கு விற்றார். 2022இல் அவரது கச்சேரிக்கான சில ஆசனங்களின் விலை ஆயிரக்கணக்கான டொலருக்கு ஏறியபோது, நெடுங்கால அன்பர்களே சினந்தெழுந்தனர். உணவு நிலையத்திலே வரிசையில் நின்ற உருக்குத் தொழிலாளியின் மகன் அவ்வாசனத்தில் அமர்ந்திருக்க முடியாது. றேகனோ வில்லோ இச்செயலைச் செய்விக்கவில்லை.