ஊறலை அழிப்பது பாதி வேலை

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார்; காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் போலீஸார் ஓடை ஓடையாக ஏறிச் சாராய ஊறல்களைக் கொட்டி அழித்தார்கள்.

இவை எல்லாமே வேண்டியவைதான். ஆனால் அத்தனையும் விற்றவரையும் விட்டுவைத்த அதிகாரியையும் நோக்கியவை. குடித்தவர் என்ற மனிதருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போது, அரசு என்ன செய்யப்போகிறது? குடிநோய் சிகிச்சையை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்க்காமல் எந்தச் சோதனையும் முழுமையாகாது என்பதே நம் நிலைப்பாடு.

‘திமிர் எடுத்துக் குடித்தான், செத்தான்’ என்று பேசியவர்களை அந்த நாட்களில் நிறையவே கேட்டோம். மூளையியல் சொல்வது வேறு. நம் மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டிவிடப் பெரும்பாலும் பயன்படுத்தும் வேதிப்பொருள் குளூட்டமேட். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் முக்கியமானது என்எம்டிஏ. இரு நரம்பணுக்கள் ஒரே சமயத்தில் கிளர்ந்தால் இந்த ஏற்பி திறந்து கால்சியத்தை உள்ளே விடுகிறது. அந்த இணைப்பு வலுப்படுகிறது. சைக்கிள் ஓட்டக் கற்பதும், முகங்களை நினைவில் வைப்பதும் இப்படி நரம்பிணைப்புகள் மாறிக்கொள்வதால்தான். அப்படித் தூண்டப்பட்ட இணைப்பு நெடுநேரம் வலுவாகவே இருப்பதை 1973-இல் பிளிஸ், லோமோ என்ற இருவர் முயலின் மூளையில் விரிவாகக் காட்டினார்கள்.

சாராயம் கைவைப்பதும் இதே இடத்தில்தான். அதிலுள்ள எத்தனால் என்எம்டிஏ ஏற்பியை அமுக்குகிறது. மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தால் மூளை எதிர்த்து நிற்கப் பழகுகிறது: குளூட்டமேட் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. மலையேற்றத்தில் பாரவண்டியை இழுக்கும் மாடு, பூட்டுக்கயிறு அறுந்தால் முன்னே பாய்ந்து விழுவதுபோல, குடி திடீரென்று நின்றால் இந்த மூளை கட்டற்றுக் கிளர்கிறது. சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சித்தப்பிரமை. கவனிக்காவிட்டால் மரணமும் உண்டு. வேலைக்குப் புறப்படும் முன் ஒரு பாக்கெட்டைத் தேடுகிற சுமைதூக்கும் தொழிலாளி பல நேரம் தேடுவது போதையை அல்ல, நடுக்கம் நிற்பதைத்தான். அவரிடம் காசில்லை, டாஸ்மாக் குவார்ட்டரைவிடச் சாராயம் மலிவு. இந்தத் தேவையில்தான் மெத்தனால் வியாபாரி பிழைக்கிறான்.

ஆகவே, சோதனை நடத்திச் சாராயத்தை ஒரே நாளில் நிறுத்தும் அரசு, அதே நாளில் மருத்துவரையும் அனுப்பியாக வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது கேரளத்தில் நடந்ததை மறக்கலாகாது. குடி கிடைக்காத தவிப்பில் பலர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. மருத்துவர் சீட்டுக்கு மது வழங்க அரசு ஆணையிட, உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தேவைப்பட்டது மது அல்ல, மருந்து. லோரஸிபாம், டயஸிபாம் போன்ற பழைய மாத்திரைகள், குடி நின்றதும் வரும் இந்த விலகல் நிலையை அடக்கும். தயமின் ஊசி நினைவிழப்பிலிருந்து மூளையைக் காக்கும். நிறுத்திய பிறகு ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் உண்டு. குளூட்டமேட்டின் சமநிலையை மீட்க உதவுவதாகக் கருதப்படும் அகாம்ப்ரோசேட் உண்டு. எல்லாருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கிடைக்கவே கிடைக்காதவருக்கு எப்படிப் பலிக்கும்? குடியைச் சார்ந்துவிட்ட 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்று 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வே ஒப்புக்கொள்கிறது.

மதுவிலக்கு ஒன்றே போதும் என்பவர்கள் குஜராத்தின் போடாடையும் பீகாரின் சாரணையும் பார்க்கட்டும். மதுவிலக்கு உள்ள அந்த இரு மாநிலங்களிலும் 2022-இல் விஷச்சாராயம் கொத்துக்கொத்தாகக் கொன்றது. இன்னொரு பக்கம், மூளை மாறிவிட்டது என்பதற்காக வீட்டில் மனைவியை அடிப்பவரை நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்களே முதலில் கேட்பது, ‘இவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?’ என்றுதான். அதற்கு ஒரு விடை தருவது அரசின் கடமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்து, அரசு மருத்துவச் சேவையை உரிமையாக்கியிருக்கிறது.

2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் திறந்தது. நல்ல தொடக்கம், பாராட்டுகிறோம். ஆனால் கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து நகரத்து மையத்துக்குப் போவது ஒரு நாள் கூலியை இழப்பது. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் கிடந்த மலை இது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் எட்டாத நிலையைப் பார்த்து 2024-இல் உயர் நீதிமன்றமே தானாக வழக்கெடுத்தது. சாராயம் காய்ச்சுவது சிலருக்கு ஒரே வருமானமாகிப்போனதும் இந்தப் புறக்கணிப்பின் விளைவே.

மலையிலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விலகல் நிலையை அறிந்து மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் வேண்டும். எலும்பு முறிவுக்கோ காய்ச்சலுக்கோ படுக்கையில் சேர்பவரிடம், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று முதல் நாளே கேட்க வேண்டும். மூன்றாம் நாள் அவர் பிதற்றும்போது கட்டிப்போடுவது வைத்தியமல்ல. மனநல மருத்துவர் வாரந்தோறும் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு வர வேண்டும். இதற்கான செலவை டாஸ்மாக் வருவாயிலிருந்தே ஒதுக்கலாம்.

எங்கே தொடங்குவது என்று அரசு தேட வேண்டியதில்லை. கருணாபுரத்தில் உயிர்தப்பி, தலா 50,000 ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டவர்களின் பட்டியல் அதனிடமே இருக்கிறது. அந்த வீடுகளுக்கு இந்த மாதமே ஒரு மருத்துவக் குழு போகட்டும்.