ஏட்டில் எட்டு மணி, கடையில் பதினொரு மணி!



மில்லில் சங்கு ஊதுகிறது. ஷிப்டு முடிந்தது என்று ஊருக்கே தெரிகிறது. அந்தச் சங்கு முதலாளி மனமிரங்கி ஊதிய சங்கல்ல. தொழிலாளி போராடி ஊத வைத்த சங்கு. ஆனால் நாகர்கோவில் வடசேரியிலும் கோட்டாற்றிலும் மார்த்தாண்டத்திலும் வரிசையாக நிற்கும் ஜவுளிக் கடைகளில், பட்டறைகளில், அண்டி ஆபீசுகளில் எந்தச் சங்கு ஊதுகிறது? அங்கே வேலை முடிந்தது என்று சொல்வது கடிகாரமல்ல, முதலாளியின் வாய்!

“இது கடைச் சிப்பந்திகள் சமாசாரம், வயலில் நிற்கும் நமக்கென்ன?” என்று விவசாயத் தொழிலாளி இருந்துவிட முடியாது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்த கைகளிடமிருந்து வேலையை அறுப்பு மிஷின் பிடுங்கிக்கொண்டது. தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் இன்று காலை பஸ்ஸில் டவுன் கடைக்கு வருகிறார்கள். தாய்க்குச் சூரியன் உதித்து அஸ்தமிக்கும் வரை வேலை. மகளுக்கு அஸ்தமித்த பிறகும் வேலை!

கணக்கைப் பார்ப்போம். காலை 9 மணிக்குக் கடைக்குள் நுழைகிற பெண் இரவு 9 மணிக்கு வெளியே வருகிறாள். சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழித்தால் நாளுக்கு 11 மணி, ஆறு நாளைக்கு 66 மணி உழைப்பு. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் என்ன சொல்கிறது? நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. ஓவர்டைம் சேர்த்தும் நாளுக்கு 10 மணியையோ வாரத்துக்கு 54 மணியையோ தாண்டக் கூடாது. ஆகவே 48-க்கு மேற்பட்ட 18 மணியில் கடைசி 12 மணி, இரட்டைக் கூலி கொடுத்தாலும் சட்ட விரோதம்தான்.

கொடுக்கிறார்களா? 18 மணிக்கு இரட்டைக் கூலி என்றால் 36 மணிக் கூலி. எட்டு மணியை ஒரு நாள் என்று வைத்தால் நாலரை நாள் சம்பளம். ஆறு நாள் சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு போகிற பெண்ணுக்கு வாரா வாரம் இன்னும் நாலரை நாள் சம்பளம் பாக்கி! 52 வாரத்துக்கு 234 நாள் சம்பளம்! வயலில் ஒரு கதிரைத் திருடியவனைக் கட்டி வைத்து அடித்த தேசம் இது. வருஷத்துக்கு 234 நாள் கூலியை விழுங்குகிறவருக்கு என்ன பெயர்? பெரிய மனிதர்!

இந்தத் திருட்டு எங்கே நடக்கிறது? கல்லாப் பெட்டியில் அல்ல, ஆஜர் ரிஜிஸ்தரில் நடக்கிறது. அதில் “வருகை 9, போகை 6” என்று முன்கூட்டியே எழுதி, மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். விரல் ரேகை மிஷின் வைத்த இடங்களிலும் இதே தந்திரம்தான்: ஆறு மணிக்கு விரலை வை, திரும்பி வந்து துணியை மடி! ஒரு கணக்கு இன்ஸ்பெக்டருக்கு, இன்னொரு கணக்கு முதலாளிக்கு. நம் கணக்கு எங்கே? அது வீங்கிய காலில் இருக்கிறது. கடைச் சிப்பந்தி உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டசபையில் சட்டத் திருத்தம் கொண்டு வர வேண்டியிருந்தது!

முதலாளிமார் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“எங்களுடையது சிறிய ஸ்தாபனம், மணிக்கணக்கு எழுத ஆளில்லை” என்கிறார்கள். அப்படியா? அட்வான்சு ஐநூறு வாங்கினால் அந்த நிமிஷமே நோட்டில் ஏறுகிறதே! பத்து நிமிஷம் தாமதித்தால் அரை நாள் வெட்டு ஏறுகிறதே! நம் கடனை எழுதுகிற பேனாவில், நமக்குத் தர வேண்டிய கடனை எழுத மட்டும் மை வற்றிவிடுமா?

“எங்களுடையது பீஸ் ரேட். எடைக்குத்தான் கூலி, மணிக்கல்ல” என்கிறார்கள் அண்டி ஆபீஸ் முதலாளிகள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் வெந்து, சாம்பலைப் பூசிக்கொண்டு கொட்டை உடைக்கிற பெண்ணின் முதுகுக்கு மணி தெரியாதா? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பீஸ் ரேட் தொழிலாளிக்கும் ஓவர்டைம் உண்டு என்று சொல்லி, முந்தின மாதச் சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிடும் வழியையும் எழுதி வைத்தது. வழி இல்லை என்பது பொய்!

“தொழிலாளிகளே ஓவர்டைம் கேட்கிறார்கள்” என்கிறார்கள். உண்மைதான், கேட்கிறார்கள். எட்டு மணி உழைப்பில் அடுப்பு எரியாததால் கேட்கிறார்கள். வயிற்றுக்குப் போதாத கூலி கொடுத்துவிட்டு, பசியைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது என்ன நியாயம்?

“பெரிய கம்பெனி விலையை நெருக்குகிறது, வட்டி ஏறுகிறது” என்று சிறு பட்டறைக்காரர் முறையிடுகிறார். இதில் உண்மை உண்டு. நாம் அவருக்கு எதிரியல்ல. ஆனால் மேலே இருப்பவன் அவரை மிதித்தால், கீழே இருப்பவளை அவர் மிதிப்பதா பரிகாரம்? நெருக்குகிறவனை எதிர்க்க அவர் முன்வரட்டும். நாம் கூட நிற்போம். நம் தூக்கத்தை விற்று அவர் கடனை அடைக்க நாம் கடமைப்பட்டவர்களல்ல.

சட்டத்துக்குப் பயந்தால் முதலாளி என்ன செய்வான்? தொழிலையே துண்டாக்குவான். ஆலையை மூடிவிட்டு வீட்டுக் கொட்டகைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறைக்குக் கொல்லத்தில் ‘குடிவறுப்பு’ என்றே பெயர் உண்டு. கேரளத்தில் கூலியும் சட்டமும் இறுகியபோது, அங்கத்திய முந்திரி முதலாளிகள் பலர் களியக்காவிளையைத் தாண்டி நம் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் வந்து இறங்கினார்கள். நம் மண்ணின் மீது பாசத்தாலா? நம் கூலி குறைவு என்பதால்!

இந்த எட்டு மணி யார் கொடுத்த வரம்? 1919-ல் வாஷிங்டன் மகாநாட்டில் உலகத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று ஒப்பந்தம் ஆனது; பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ 60 மணி! அது 1934-ல் 54 ஆகி, 1946-ல்தான் 48 ஆனது. அந்த 1919 ஒப்பந்தமே, கூடுதல் மணிகளை முதலாளி பதிவு செய்தாக வேண்டும் என்றும் விதித்தது. நூறு வருஷம் கழித்து, 2019 மே மாதம், ஸ்பெயின் தேசத்துத் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அதே தீர்ப்பைச் சொன்னது: ஒவ்வொரு தொழிலாளியின் தினசரி வேலை நேரத்தையும் நம்பகமாக அளந்தாக வேண்டும். அளக்காத உரிமை ஏட்டுச் சுரைக்காய்!

இங்கே என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, ஆளும் அணியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று வாபஸ் ஆனது. 1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருஷம்! பெரிய ஆலையில் நாம் தடுத்த 12 மணி, சின்னக் கடையில் மசோதா இல்லாமலே நடக்கிறது என்பதை மறக்கலாமா?

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்காரின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. எட்டு மணியும் இரட்டைக் கூலியும் அவற்றில் உண்டு. ஆனால் மின்சாரத்தோடு 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆகிவிட்டது. மின்சாரமில்லாமல் 20 என்றது 40 ஆகிவிட்டது. மூன்று மாதத்துக்கு 50 மணி, சில இடங்களில் 75 மணி என்று ஓவர்டைமுக்குப் பழைய சட்டத்திலேயே இருந்த வரம்பு, புதிய சட்டத்தில் இல்லை. அதைச் சர்க்கார் விதிக்கு விட்டுவிட்டார்கள். தொழிலாளியின் ‘சம்மதம்’ வேண்டுமாம்! வேலை போகுமென்ற பயத்தில் தலையாட்டுவதற்குப் பெயர் சம்மதமா?

அதே தொகுப்புகளில் நமக்கு உதவும் ஆயுதமும் இருக்கிறது. சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. கூலிப் பாக்கிக்கு மூன்று வருஷத்துக்குள் மனுப் போடலாம். பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ஆனால் எத்தனை மணி உழைத்தோம் என்று கேட்டால், நம் கையில் என்ன இருக்கிறது?

ஆகவே நாம் சொல்கிறோம்: ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம்—மூன்றே பத்தி. தினந்தோறும் எழுதுங்கள். பக்கத்தில் நிற்கும் சிப்பந்தியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். வெற்று ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாக மறுத்தால் சீட்டுக் கிழியும். கடை முழுவதும் சேர்ந்து மறுத்தால் ரிஜிஸ்தர் திருந்தும். நோட்டுகளைச் சேர்த்து யூனியன் மூலம் நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குக் கொண்டு போவோம். பகல் பதினொரு மணிக்கு வந்து ரிஜிஸ்தரைப் புரட்டிவிட்டுப் போகும் சோதனை போதாது. இரவு எட்டு மணிக்குக் கடைக்கு வா என்று கேட்போம்.

மில் தோழர்களே, உங்கள் சங்கு உங்களுக்கு மட்டும் ஊதினால் போதாது. விவசாயத் தோழர்களே, இரவு கடைசி பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு வருபவள் உங்கள் மகள்.

உழைத்த மணி ஒவ்வொன்றும் ஏட்டில் ஏறட்டும்!
ஏறிய மணி ஒவ்வொன்றுக்கும் கூலி இறங்கட்டும்!