மருதாணி இரவுக்கு எத்தனை பேர்?

நிகாஹ்வுக்கு ஒத்திகை தேவையில்லை. வலீ, இரு சாட்சிகள், மஹர், ஈஜாபு, கபூல் ஆகியவற்றோடு குத்பாவையும் சேர்த்தால் அரை மணி நேரத்தில் நிறைவேறிவிடும். மேலைநாட்டுத் திருமணங்களில் முதல் நாள் மாலை ஒத்திகை பார்த்துவிட்டு, நெருங்கிய சிலர் மட்டும் கூடி உண்பர். நம்மிடம் ஒத்திகை இல்லை; விருந்து மட்டும் இருக்கிறது. மருதாணி இரவு என்கிறோம். அதுவும் நெருங்கிய சிலரோடு நிற்பதில்லை.

கலசப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர், தம் மகளின் நிகாஹ்வுக்குப் பத்து நாள் முன்பு நம்மிடம் வந்தார். மருதாணி இரவுக்கு இருநூறு பேரை அழைக்க எண்ணி, மனைவியின் வளையல்களை அடகு வைக்கலாமா என்று கேட்டார். இருநூறு பேரை யார் கேட்டார்கள் என்றோம். “யாரும் கேட்கவில்லை ஹஜ்ரத். நாளை கேட்டுவிடக் கூடாதே என்றுதான்” என்றார்.

நம் பெண்வீட்டாரின் கடன்களில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. அடகு என்றால் வட்டி. வட்டி வாங்குபவரை மட்டுமல்ல, கொடுப்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். எவரும் கேளாத ஒரு விருந்துக்காக அந்தச் சாபத்தின் கீழ் போய் நிற்பதா?

மார்க்கத்தில் வலியுறுத்தப்பட்ட திருமண விருந்து வலீமா. அது மணமகனின் பொறுப்பு. பெண்வீட்டார் விருந்தளித்தாக வேண்டும் என்ற கடமை எங்கும் இல்லை. அந்த வலீமாவே எப்படி இருந்தது? நபியவர்கள் தம் மனைவியர் ஒருவருக்காக இரண்டு முத் வாற்கோதுமையில் விருந்தை முடித்தார்கள். இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வருவதே ஒரு முத். ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல்விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டது. இருப்பதைக் கொண்டு வாருங்கள் என்று தோழர்களிடம் சொல்லப்பட்டது. ஒருவர் பேரீச்சம்பழம் கொணர்ந்தார், ஒருவர் நெய் கொணர்ந்தார். அவற்றைக் கலந்து செய்ததே விருந்து. உறவினர் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வருவதை இன்று இழுக்கென்று கருதுகிறோம். அது எப்போது இழுக்கானது என்று நமக்குப் புரியவில்லை.

மருதாணி இரவையே விட்டுவிட வேண்டும் என்று நம் ஆலிம் நண்பர்கள் சிலர் கூறுவர். அதில் நமக்கு உடன்பாடில்லை. அதை சுன்னத் என்று சொல்லாதவரை, ஆடல் பாடல் ஆடம்பரம் நுழையாதவரை, அது ஊர்வழக்கம், அவ்வளவே. அன்றியும், மறுநாள் மணமகளால் நிம்மதியாக ஒரு பிடி உண்ண முடிகிறதா? அவள் தாய்க்கோ பந்தி முடியும்வரை உட்காரவும் நேரமிராது. பிறந்த வீட்டில் மகளாக அவள் பசியாறும் கடைசி வேளை அந்த இரவுதான். அதில் இருநூறு பேருக்கு என்ன வேலை?

அந்தச் சகோதரரும் இல்லத்தாரும் அமர்ந்து பெயர்களை எழுதினர். தாய்மாமன்மார், சித்தப்பா, பெரியம்மா வீடுகள், மணமகன் வீட்டிலிருந்து ஆறு பேர், பள்ளிவாசல் மோதினார், அடுத்த தெருவில் தனித்து வாழும் ஒரு மூதாட்டி. மொத்தம் இருபத்தெட்டு. செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் விருந்தின் உணவே மிகக் கெட்டது என்ற நபிமொழியை நாம் நினைவூட்டியதால் கடைசி இரு பெயர்கள் சேர்ந்தன என்று பெருமை கொள்ள வழியில்லை; அவற்றை முதலில் எழுதச் சொன்னவர் அவருடைய மனைவியே.

மூன்று கிலோ அரிசி, மூன்று கிலோ கோழி. ஆட்டிறைச்சியை வலீமாவுக்கு விட்டுவிட்டனர். எலும்புத் தால்ச்சா மாமி வீட்டிலிருந்து வந்தது. தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் வீட்டிலேயே ஆயின. பாயசத்துக்கு ஜவ்வாது மலைச் சாமை. அண்டை வீட்டு அம்மையார் வெல்லமிட்டுக் காய்ச்சித் தந்தார். (சாமை மலிவு என்று எண்ண வேண்டாம், இன்று அது அரிசியை விட விலை கூடியது. பாயசத்துக்கு அரைக் கிலோ போதும் என்பதால் தாங்கிற்று.) பந்தல், நாற்காலி, மேடை எதுவும் இல்லை. கூடத்தில் பாய் விரித்து ஆண்களுக்கு முதலில், பெண்களுக்கு அடுத்து. செலவு முழுவதும் அவருடைய ஒரு வாரச் சம்பாத்தியத்துக்குள் அடங்கிற்று.

இஷாவுக்குப் பின் தொடங்கிய விருந்து ஒன்பதரைக்குள் முடிந்தது. ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் உண்டு முடித்தும் பேசிக்கொண்டே அமர்ந்திருந்தவர்கள் குறித்து இறைவசனமே இறங்கியதை நாம் ஒருமுறை சொன்னோம். மாமன்மார் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டனர்.

மணமகளின் இரு கைகளிலும் மருதாணி காயாமல் இருந்ததாம். தாயார் பக்கத்தில் அமர்ந்து ஊட்டிவிட்டு, அதே தட்டில் தாமும் உண்டதாக எம் வீட்டார் வந்து கூறினர்.